துணி கிடக்கிறது, வெட்டத் துணியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பெண்கள் பக்கத்தில் கொஞ்ச நாளைக்கு முன் வீட்டை ஒழுங்காக வைத்திருப்பது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. ஒரு வருடமாகக் கை வைக்காத துணி எதுவானாலும் வீட்டில் இருக்க வேண்டாம், யாருக்காவது கொடுங்கள் அல்லது எறிந்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. அதை வாசித்துவிட்டு எங்கள் ஒழுங்கையில் அம்மாவின், அம்மம்மாவின் துணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்தவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். நாங்கள் உடுக்கிற உடுப்புக்கு அந்த விதி சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலமான ஒருவர் விட்டுப்போன துணிக்கு, அதுவும் தைக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த துணிக்கு, இந்த ஒரு வருடக் கணக்கு சரிவராது. அதற்காக றங்குப் பெட்டியில் பூட்டி வைத்து, ஆட்டைத் திவசத்துக்குத் திறந்து மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடியும் பூட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. யார் கைக்கு அந்தத் துணி வந்ததோ அவருக்கு அதை வெட்டவும் உரிமை இருக்கிறது. வெட்டுங்கள், தையுங்கள், பாவியுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் எப்படி என்பதுதான்.

என் மாமியாரின் பெட்டியை வைத்தே சொல்கிறேன். அவர் திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு இருந்து தைத்துக் கொடுத்தவர், ஒழுங்கையில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை அவர் கையால் தைத்தது. அவர் போன பிறகு எங்களுக்கு வந்தவை கையால் சுற்றுகிற பழைய சிங்கர் மெசின், றங்குப் பெட்டிகள், பெரிய பிஸ்கட் ரின் ஒன்று. பெட்டிகளுக்குள் நூல்சாறிகள், சாரங்கள், யாருக்கோ தைக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட கவுன், கலியாணங்களிலும் சாமத்தியச் சடங்குகளிலும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துத் தைக்காமலே கிடந்த சட்டைத் துணிகள், பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் 1993-இலிருந்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய வெள்ளைச் சீருடைத் துணியில் மிஞ்சியவை. இதெல்லாம் எந்த வீட்டிலும் இருப்பதுதான். விஷயம் பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தது. வெட்டுத் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து, சாறிக் கரையைக் கிழித்த நாடாவால் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டுக் கடதாசியைக் குண்டூசியால் குத்தியிருந்தார். ‘மூத்தவளின் பூப்போட்ட சீத்தை’, ‘இவரின் சாரம், இன்னும் நல்லது’, ‘கடைக்காரர் மகள், கூலி தரவில்லை’. (அந்த மகள் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டார், கூலி இன்னும் வரவில்லை.) கடல்காற்றில் குண்டூசிகள் எல்லாம் துருப்பிடித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் துணியில் ஒரு பழுப்புப் பொட்டு.

ரின்னின் அடியில் அறுகோணத் துண்டுகள் இருந்தன. கொன்வென்ற்றில் படித்த காலத்தில் கன்னியாஸ்திரிகளிடம் பழகிய தையல் அது. கடதாசியை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து நூலோடி, பக்கத்தோடு பக்கம் வைத்துக் கையால் சேர்ப்பது, நடுவில் ஒன்றும் சுற்றிவர ஆறும் சேர்ந்தால் ஒரு பூ. உள்ளே இருந்த கடதாசிகள் பழைய கொப்பித் தாள், கலண்டர், ஒரு கடித உறைகூட. இப்படி அரைகுறையாக ஒன்று உங்கள் கைக்கும் வரலாம், அப்போது முதல் வேலையாகக் கடதாசியை இழுத்து எடுத்துவிடாதீர்கள். ஒரு துண்டின் ஆறு பக்கமும் அடுத்த துண்டுகளோடு சேர்ந்த பிறகுதான் அதன் கடதாசியை எடுக்கலாம், முந்தினால் விளிம்பு இழுபட்டு மூலைகள் ஒன்றோடொன்று சேராது. பழைய நூலோட்டம் இற்றிருந்தால் அதன் பக்கத்திலேயே புதிதாக ஓடுங்கள். அவர் தைத்தது கோணலாக இருந்தால் இருக்கட்டும், பிரித்துத் திருத்த வேண்டாம், உங்கள் தையல் அதற்குப் பக்கத்தில் வேறு மாதிரித்தான் தெரியும். எல்லாம் ஒரே மாதிரி வேண்டும் என்றால் கடையில் பெட்சீற் இருக்கிறது.

இந்த ஊரில் பழைய துணி மிஞ்சியதே பெரிய காரியம். கலவரத்திலும் போரிலும் 83-இலும் 85-இலும் 90-இலும் வீடு எரிந்தவர்கள், வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனவர்கள், 2004 டிசம்பர் 26 அன்று கரையோரத்தில் எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் என்று எந்தத் தெருவில் கேட்டாலும் கதை இருக்கும். ஓடுகிறபோது அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், இருந்தால் நகை, அதற்குப் பிறகு ஒரு சாறியில் கட்டிய துணி மூட்டை, அவ்வளவுதான் கையில் வந்தது. அதற்கும் முன்னால், 1977-க்கு முந்தின காலத்தில், இறக்குமதிக் கட்டுப்பாட்டில் ஒரு சாறித் துணிக்கு வரிசையில் நின்றவர்கள் எங்கள் தாய்மார். அந்தத் தலைமுறை ஒரு சாண் துணியைக்கூட எறியாமல் வைத்ததைப் பார்த்து ‘சேர்த்து வைக்கிற வருத்தம்’ என்று இப்போது நோய்ப் பெயர் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

இன்னொரு தடை சாத்திரம். காலமானவரின் உடுப்பு வீட்டில் இருக்கக் கூடாது என்று எட்டுச் செலவோடோ அந்தியேட்டியோடோ எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிற, சில இடங்களில் கொளுத்தியே விடுகிற வீடுகள் இருக்கின்றன. கடைசியில் வருத்தமாகக் கிடந்தபோது உடுத்தியதை விடுங்கள், அதை வைத்திருக்க நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அதே வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் ஏணை கட்ட அம்மம்மாவின் நூல்சாறியைத்தானே தேடுகிறோம், தோய்த்துத் தோய்த்து மெதுமையான துணி வேறு எங்கே கிடைக்கும்? ஏணைச் சாறிக்கு இல்லாத தீட்டு மற்றச் சாறிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்கு இதுவரை விளக்கவில்லை.

பழைய உடுப்பைப் போர்வையாக்குகிறவர்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள். வங்காளத்தில் பழைய சாறிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நூலோட்டம் ஓடிப் போர்வையாக்குவார்கள், அதற்குக் காந்தா என்று பெயர், சாறிக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே அதைத் தைத்தார்கள். கர்நாடகத்தில் இருக்கிற சித்தி மக்கள், ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியினர், கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள், வெளி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், மிசூரி பெட்வே என்ற கறுப்பினப் பெண் 1942-இல், கணவர் இறந்த பிறகு, அவருடைய வேலை உடுப்புகளையே கிழித்து ஒரு போர்வை தைத்தார். 1942 என்றால் எங்கள் ஊரில் யப்பான்காரன் வந்து குண்டு போட்ட வருடம், அது வேறு கதை. அந்த ஊர்ப் போர்வைகளில் முழங்கால் தேய்ந்த இடமும், பொக்கற்றைப் பிரித்த இடத்தில் மட்டும் மங்காமல் நிற்கிற நிறமும் அப்படியே தெரியும். 2002 முதல் அவை பெரிய நூதனசாலைகளில் காட்சிக்குப் போயின, 2006-இல் தபால் முத்திரையிலும் வந்தன. தைத்தவர்கள் நூதனசாலையை நினைத்துத் தைக்கவில்லை, குளிருக்குத் தைத்தார்கள். சாவு வீட்டுத் துணியைத் தைத்துப் போர்த்தியதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, பெட்டியைத் திறந்தாயிற்று. முதலில் எது என்ன துணி என்று பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். ஓரத்தில் நாலைந்து நூலை உருவி, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துக்கொண்டு, குறட்டால் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு தலைமயிர் கருகுகிற மணம் தரும், அதன் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். நைலெக்ஸ், ஜோர்ஜெட் என்று எழுபது எண்பதுகளில் ஆசையாக உடுத்தியவற்றில் பெரும்பாலானவை உருகிச் சுருண்டு கடினமான மணியாக இறுகும், அவை நைலோனும் பொலியெஸ்டரும். இதை ஏன் இவ்வளவு மினக்கெட்டுச் சொல்கிறேன் என்றால், பருத்திக்கு வைக்கிற சூட்டில் அயன் பெட்டியை நைலெக்ஸ் மேல் வைத்தால் சாறியும் போகும் அயன் பெட்டியும் போகும். ஒரே போர்வையில் இரண்டையும் சேர்த்துத் தைத்தால் பிறகு ஆயுளுக்கும் அதை அயன் பண்ண முடியாது. நைலெக்ஸைத் தனியாக எடுத்து வையுங்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

அடுத்தது பலம். இரண்டு கைப் பெருவிரலுக்கும் நடுவே துணியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். டர்ரென்று வந்தால் அது போர்வைக்கு ஆகாது, எவ்வளவு ஆசையான சாறி என்றாலும் ஆகாது. பட்டுச் சாறிகள் மடித்த மடிப்பில்தான் முதலில் வெடிக்கும், மடிப்புக்கும் மடிப்புக்கும் இடையில் உள்ள துணி பல நேரம் நன்றாகவே இருக்கும். அந்தப் பகுதியை வெட்டி, அடியில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்துத் தைத்தால் ஒரு குஷன் உறைக்குத் தாங்கும். நூல்கட்டையில் மிஞ்சிய பழைய நூலையும் இப்படித்தான் இழுத்துப் பார்க்க வேண்டும். என் மாமியாரின் நூல்கட்டைகளில் அழகான நிறங்கள் இருந்தன, தொட்டதும் அறுந்தன, எறிந்துவிட்டேன். துணிக்குப் பரிதாபப்படலாம், நூலுக்குப் படக் கூடாது, தைத்த போர்வை இரண்டாம் தோய்ப்பிலேயே பிரிந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் தோயுங்கள். சிவப்பு, கடும் நீலம், கடும் பச்சை மூன்றையும் தனித்தனியாக. வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்தால் சாயம் விடுமா என்று தெரிந்துவிடும். விடுகிற துணியைத் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் வெள்ளையோடு சேர்க்காதீர்கள். குண்டூசித் துருவுக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவி வெயிலில் வைத்தால் வெள்ளைப் பருத்தியில் பெரும்பாலும் போய்விடும், நிறத் துணியில் செய்தால் நிறமும் சேர்ந்து போகலாம், ஒரு மூலையில் பரீட்சித்துப் பாருங்கள். பூச்சி உருண்டை மணம் போக நிழலில் காற்றாட விட்டால் போதும். எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற வைகாசி ஆனியில் பெட்டியைத் திறப்பதுதான் புத்தி, கார்த்திகை மார்கழி மழைக்குள் திறந்தால் ஈரம்தான் உள்ளே போகும்.

வொயில் சாறி கத்தரிக்கோலுக்கு அடங்காது, பிடித்த பக்கமெல்லாம் நெளியும். அதற்குக் கஞ்சி போட்டு அயன் பண்ணி வெட்டினால் கடதாசி மாதிரி நிற்கும். ஆனால் தைத்து முடித்ததும் கஞ்சியைத் தோய்த்து எடுத்துவிட வேண்டும், கஞ்சியோடு மடித்து வைத்த துணியைத்தான் வெள்ளிப்பூச்சி தேடி வந்து தின்னும். மாமியாரின் பெட்டியில் ஓட்டை விழுந்திருந்தவை எல்லாம் கஞ்சி போட்டு விறைப்பாக அடுக்கியிருந்த நல்ல சாறிகள்தான், தோய்த்துச் சும்மா சுருட்டி வைத்த பழசுகள் தப்பிவிட்டன. கைத்தறிச் சாரம், மருதமுனைச் சாரம் மாதிரித் தடித்த நெசவு, வெட்டின ஓரத்தில் நூல் நூலாகப் பிரியும், அதற்குத் தையலுக்கு விடுகிற கால் அங்குலம் போதாது, அரை அங்குலம் விடுங்கள்.

கணக்கு ஒன்று சொல்கிறேன், இது தெரியாமல்தான் பலர் சாறியைக் கண்ட மாதிரி நறுக்குகிறார்கள். 6 யார் சாறி 216 அங்குல நீளம், அகலம் 45 அங்குலம் அளவில் இருக்கும். தனிக் கட்டிலுக்கு 60-க்கு 90 அங்குலப் போர்வை என்று வைத்தால், சாறியில் 90 அங்குலமாக இரண்டு வெட்டி நடுவில் சேர்த்தால் அடித்துணி முழுக்க வந்துவிடும், இன்னும் 36 அங்குலம் மிச்சம். அந்த மிச்சம் தலைப்புப் பக்கமாக இருக்கட்டும். மேல் பக்கத்துக்குச் சட்டைத் துணிகள்: ‘டூ பை டூ’ என்று ஒரே நிறத்தில் வருகிறவை. அந்த ஒற்றை நிறத் துணிகள் இல்லாமல் பூப்போட்டதை மட்டும் வைத்துத் தைத்தால் கண் சுற்றும். 36 அங்குல அகலத்தில் 80 சென்ரிமீற்றர் துணி ஒன்றில் 5 அங்குலச் சதுரம் நாற்பது வரும், 260 சதுரம் இருந்தால் அந்தக் கட்டிலுக்குப் போதும், ஆக ஏழெட்டுச் சட்டைத் துணியில் வேலை முடிந்தது. எந்த வீட்டு அலுமாரியில் ஏழெட்டுச் சட்டைத் துணி இல்லை?

நடுவில் பஞ்சு வேண்டுமா என்று கேட்பார்கள். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துத் தடித்த பஞ்சு வைத்துத் தைத்தால் திருகோணமலைச் சூட்டில் அதை யார் போர்ப்பது, பாயின்மேல் விரித்துப் படுக்கத்தான் உதவும். நான் நடுவில் பழைய பெட்சீற்றையோ நைந்த சாரத்தையோ வைக்கிறேன், மார்கழி மழைக்கு அது போதும், கோடைக்கு நடுத்துணியே தேவையில்லை. மூன்று அடுக்கையும் சேர்த்து நிறுத்தக் கைவிரல் அகலத்துக்கு ஒரு நூலோட்டம். மெசினில் ஓட்டலாம், ஆனால் பழைய மெதுமையான துணிக்குக் கையோட்டம்தான் நல்லது, துணியைக் கடிக்காது, பிய்ந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம்.

எல்லாமே போர்வையாக வேண்டும் என்று இல்லை. நைலெக்ஸ் சாறிகளை மடித்து இரட்டையாக்கிச் சந்தைக்குக் கொண்டுபோகிற பை தைத்தேன், மீன் வாங்கினாலும் அலசிவிட்டால் காய்ந்துவிடும். பருத்தி வெட்டுத் துண்டுகளை நாலைந்து அடுக்காகத் தைத்தால் சட்டி இறக்குகிற பிடிதுணி. இதில் மட்டும் பொலியெஸ்டர் கலக்கக் கூடாது, சூட்டில் உருகிக் கையோடு ஒட்டும். கிழித்த நாடாக்களைப் பின்னிச் சுற்றினால் கால்மிதி. அதற்கும் உதவாத பொடித் துண்டுகளைத் தலையணைக்கு அடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள், கட்டி கட்டியாகத் திரண்டு கழுத்து நோகும், ஊசி குத்துகிற மெத்தைக்குத்தான் அது சரி.

பிள்ளைகளுக்குள் பங்கு பிரிக்கிற பிரச்சினைக்கு வருகிறேன், நகைக்கு நடக்கிற சண்டை சாறிக்கும் நடக்கிறது. கூறைச் சாறியை வெட்டாதீர்கள், அது யாராவது ஒருவரிடம் முழுதாக இருக்கட்டும், அடுத்த கலியாணத்தில் உதவும். மற்றச் சாறிகளை ‘இது உனக்கு, அது எனக்கு’ என்று பிரிக்காமல், எல்லாவற்றிலும் துண்டெடுத்து ஆளுக்கொரு போர்வை தைத்தால் எல்லோரிடமும் எல்லாம் இருக்கும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களுக்கு மேல் துணியை மட்டும் தைத்து அனுப்புங்கள், பாரம் குறைவு, தபால் செலவும் குறைவு, அங்கத்தைய குளிருக்கு எவ்வளவு பஞ்சு வேண்டுமோ அதை அவர்கள் அங்கேயே வைத்துத் தைத்துக்கொள்ளட்டும். தைக்கத் தெரியாது என்று சொல்கிற மகளுக்கும் அனுப்புங்கள், ஊசி பிடிக்க யாராவது சொல்லிக் கொடுப்பார்கள்.

வெட்டப் பயமாக இருந்தால் பெட்டியிலேயே உங்களுக்குப் பிடிக்காத துணியில் தொடங்குங்கள், எல்லாப் பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்கும், என் மாமியாரின் பெட்டியில் ஊதாவும் மஞ்சளும் கலந்த ஒரு பெரிய கட்டம் போட்ட பொப்ளின். கை பழகட்டும். ஆனால் நல்ல துணியைக் கடைசிவரை ஒளித்து வைக்காதீர்கள், ‘இதைவிட நல்லது ஒன்றுக்கு’ என்று வைத்து வைத்துத்தான் அவர்களும் விட்டுப் போனார்கள். தைத்ததை விருந்தாளி வந்தால் விரிப்பதற்கு என்று மறுபடி அலுமாரியில் வைக்கவும் வேண்டாம். பேரப்பிள்ளை அதில் தேத்தண்ணீர் ஊற்றினால் தோய்க்கலாம்.

ஆசிரியரே, ஒரு வேண்டுகோள். அதே குறிப்பில், பழைய துணியில் உள்ள மஞ்சள் கறைக்கு ப்ளீச் போட்டு ஊற வையுங்கள் என்று பொதுவாக எழுதியிருந்தது, எந்தத் துணிக்கு என்று சொல்லவில்லை. வெள்ளைப் பருத்திக்கு அளவோடு போட்டால் தாங்கும், ஆனால் குளோரின் ப்ளீச்சில் பட்டு கரையும், கம்பளியும் கரையும், சரிகையும் கறுக்கும். பட்டுக்குக் குளிர்ந்த தண்ணீரும் மெல்லிய சோப்பும்தான், முறுக்கிப் பிழியாமல் ஒரு துவாயில் சுருட்டி ஈரத்தை எடுத்து நிழலில் விரிக்க வேண்டும். நூல்சாறியின் மஞ்சளுக்கு இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மறுபடியும் ஊற வைத்தாலே பாதி போய்விடும். யாராவது அந்தக் குறிப்பைப் பார்த்து அம்மாவின் பட்டுச் சாறியை வாளியில் போடுவதற்கு முன், அடுத்த வாரப் பக்கத்தில் இதை ஒரு திருத்தமாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.